நம்ம தெருவுக்கு ஒரு பொதுத் தோட்டம் போடலாமா

மொதல்ல இடத்த முடிவு பண்ணுங்க. லேஅவுட்ல பார்க்குக்குன்னு ஒதுக்குன இடம்னா மாநகராட்சிகிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கிருங்க, தனியார் பிளாட்டுன்னா ஓனர்கிட்ட ரெண்டு வருசத்துக்காவது பேப்பர்ல எழுதி வாங்குங்க, வாய்ப்பேச்சுல நம்பி நாங்க போட்ட அவரைப் பந்தல ஆறே மாசத்துல ஜேசிபி வந்து வழிச்சுட்டு போயிருச்சு. அடுத்து மண்ணு. மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரில மண் டெஸ்ட் பண்ணிக்கலாம். கட்டட இடிபாடு கொட்டுன இடம்னா மேல ஒரு அடிக்கு செம்மண்ணும் மக்குன சாணி எருவும் போட்டுத்தான் ஆகணும்.

பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல போகாதீங்க, ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டணும்ல, உள்ள மிதிச்சா மண்ணு இறுகிரும். ஆடிப்பட்டம்தான் தொடங்க நல்ல நேரம். மொத தடவ சிறுகீரை போடுங்க, 25 நாள்ல பறிச்சிரலாம், அப்பத்தான் ஆளுங்களுக்கு ஆர்வம் விடாது. வெண்டைக்கு 45, 50 நாள் ஆகும். கத்தரின்னா நாத்து விட்டு மாசம் கழிச்சு நடணும், கொஞ்சம் பொறுமை வேணும்.

சண்டை வர்றது எப்பவும் தண்ணிலதான். சித்திரை வெயில்ல யாரு ஊத்துறதுன்னு முறை போட்டு கேட்லயே எழுதி ஒட்டுங்க, மூடாக்குக்கு, அதாவது செடியச் சுத்தி மண்ண மூடுறதுக்கு, வைக்கோல் பரப்புனா பாதி தண்ணி மிச்சம்னு எங்க தெரு அக்கா ஒருத்தங்க சொல்லுவாங்க, அளந்து பாக்கல ஆனா ஈரம் நிக்கிறது நெசம். பறிக்கிறதுக்கும் ஒரு நாள் வச்சிருங்க, இல்லன்னா விடியக்காலைலயே யாராச்சும் சுரைக்காய அறுத்துட்டு போயிருவாங்க.