புரொஜெக்டர் போட்டதும் அணையும் இன்வெர்ட்டர்: மலாவி கிராமப் பள்ளியில் என் அனுபவம்

தன்னார்வ ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கு மின் இணைப்பு கிடையாது. சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர், அவ்வளவுதான். லேப்டாப் மட்டும் என்றால் ஓடும். கூடவே புரொஜெக்டரையும் போட்டால் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். இரவல் பேட்டரி மாட்டியும் அதே கதை. டெர்மினலைச் சுரண்டி வாஸலின் தடவியதும் வீண்.

லோடு ஓடும்போதே இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்ததில்தான் பிடிபட்டது: பேட்டரியில் 12.3 வோல்ட், இன்வெர்ட்டரில் 10.5. அதற்குக் கீழே போனால் பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் தாமாக நின்றுவிடும். லோடு இல்லாமல் அளந்தால் இரண்டும் ஒன்றாகவே காட்டும்.

குற்றவாளி, இடையில் ஓடிய 6 மீட்டர் நீள 1.5 சதுர மி.மீ. வயர். 150 வாட்டுக்கு 13 ஆம்பியர் ஓடும். போக வர 12 மீட்டர் செம்பிலேயே 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும்.

இன்வெர்ட்டரை பேட்டரியிலிருந்து அரை மீட்டரில் வைத்து 10 சதுர மி.மீ. கேபிளும், பிளஸ் பக்கம் 30 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். வகுப்பறைக்குப் போவது இப்போது 230 வோல்ட், அதில் ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் 1.5 வயர் தாராளம், உறை அந்த வோல்ட்டேஜுக்கானதாக இருந்தால் சரி. பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் இன்வெர்ட்டரை வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது கிளம்பும் ஆசிட் ஆவி சர்க்யூட்டை அரித்துவிடும்.