ஸ்க்ராப்புக் பக்கத்துல ஸ்டிக்கர், பூ, பட்டன் எல்லாம் எங்க வைக்கிறது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஸ்க்ராப்புக்குக்குன்னு (போட்டோ ஒட்டி, அலங்கரிச்சு, குறிப்பு எழுதி வைக்கிற ஆல்பம்) ஸ்டிக்கர், சம்கி, லேஸ், பட்டன், பேப்பர் பூன்னு ஆசையா ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்துடுவோம், ஆனா ஷீட்டை விரிச்சு வச்சதும் எதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம மூலைக்கு ஒண்ணுன்னு ஒட்டத்தான் கை போகும். அப்படி ஒட்டினா கண்ணு நாலு மூலையிலயும் சுத்திட்டே இருக்கும், போட்டோ மேல நிக்காது. போட்டோவுக்காகத்தான் அந்த பக்கமே, மத்ததெல்லாம் அதுக்கு துணை.

ஒரு காதுகுத்து போட்டோவை வச்சு சொல்றேன். 12க்கு 12 இன்ச் ஷீட், 4க்கு 6 போட்டோ. ஷீட் ஆசிட் ஃப்ரீன்னு (அமிலம் இல்லாதது, போட்டோ சீக்கிரம் கெடாது) போட்டிருக்கிற கெட்டி கார்டுஸ்டாக்கா (அட்டை மாதிரி தடிமனான பேப்பர்) பாத்து வாங்குங்க, மெல்லிசுன்னா பட்டன் கனத்துக்கே வளைஞ்சிடும். பழைய ஆல்பத்துல இருக்கிற ஒரே பிரிண்ட்டை ஒட்டாதீங்க ப்ளீஸ், காப்பி எடுத்து ஒட்டுங்க.

முதல்ல போட்டோவை நட்டநடுவுல வைக்காம கொஞ்சம் மேல, இடது பக்கமா தள்ளி வைங்க. குழந்தை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் கொஞ்சம் காலி இடம் இருக்கணும். போட்டோவுக்கு அடியில கால் இன்ச் வெளிய தெரியிற மாதிரி ஒரு கலர் பேப்பர், பாப்பா போட்டிருக்கிற பட்டுப்பாவாடை பார்டர் கலரே எடுத்தா அழகா சேரும்.

இப்பதான் முக்கியமான வேலை. எல்லாத்தையும் மூணு கொத்தா பிரிச்சுக்கோங்க, பெருசு ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, சின்னது ஒண்ணு. பெரிய கொத்து போட்டோவோட கீழ் வலது மூலையில, ஓரத்து மேல லேசா ஏறி உக்காரணும். நடுத்தரம் மேல இடது பக்கம், சின்னது தலைப்பு எழுதுற இடத்துக்கிட்ட. மூணையும் கோடு போட்டு சேர்த்தா முக்கோணம் வரணும், அந்த முக்கோணம் போட்டோ மேல வந்தா கண்ணு சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும். ஒரு கொத்துக்குள்ள 3 இல்ல 5 பொருள் போதும், 2, 4ன்னு வச்சா ஜோடி ஜோடியா பிரிஞ்சு விறைப்பா தெரியும். தட்டையான லேஸ், இலை அடியில, அதுக்கு மேல பூ, உச்சியில ஒரே ஒரு கல்லோ பட்டனோ. பூவுக்கு அடியில ஃபோம் டேப் (ரெண்டு பக்கமும் ஒட்டுற ஸ்பாஞ்ச் டேப்) வச்சா எடுப்பா நிக்கும்.

ஒட்டாம சும்மா அடுக்கி வச்சு மேல இருந்து போன்ல ஒரு போட்டோ எடுங்க. நேர்ல தெரியாத குறை ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியும், எந்தப் பக்கம் கனமா இருக்கு, எங்க கூட்டமா இருக்குன்னு. எதை எடுத்தா நல்லாருக்கும்னு பாத்து ஒண்ணை எடுத்துடுங்க, பெரும்பாலும் அதுதான் சரியா வரும்.

தேதி, ஊர், யார் மடியில உக்காந்து காது குத்தினாங்கன்னு எழுதுறதை பட்டன் ஒட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, மேடு பள்ளத்துல கை வச்சு எழுத வராது. அப்புறம் போன் போட்டோவைப் பாத்து அடியிலேர்ந்து ஒண்ணொண்ணா ஒட்டுங்க. பேப்பருக்கு டபுள் சைடு டேப், பட்டனுக்கு க்ளூ டாட்ஸ் (சின்னச் சின்னப் பொட்டு மாதிரி இருக்கிற பசை). செலோ டேப் நாளாக ஆக மஞ்சளாயிடும், வேணாம். நிஜப்பூ வைக்கணும்னா புக்குக்குள்ள அழுத்தி நல்லா காய வச்சிட்டுதான், ஈரம் இருந்தா பூஞ்சை பிடிச்சுக்கும்.

எதிர்ப் பக்கம் செய்யும்போது பெரிய கொத்தை இதுக்கு நேரா வைக்காதீங்க, புக்கை மூடினா ரெண்டும் முட்டிக்கும், கல்லு பட்டு அந்தப் பக்கத்து போட்டோவுலயும் கீறல் விழும்.