மின்சார ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன்: சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக் கணக்கு

2021 அக்டோபரில் ஒரு காலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். மனைவி தட்டி எழுப்பினாள். "நம்ம கரண்ட் கம்பெனி கடையை மூடுதாம், மெயில் வந்திருக்கு." கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தேன். சந்தை நிலவரம் சரியில்லை, சில்லறை விற்பனையிலிருந்து விலகுகிறோம், உங்கள் கணக்கு எஸ்பி குழுமத்துக்கு (தீவு முழுக்க மின்கம்பிவடம் போட்டிருக்கும் நிறுவனம்) மாறும், மின்சாரம் தடைபடாது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது.

வரி சேர்த்து யூனிட்டுக்கு 17.8 காசு என்று இரண்டு வருடத்துக்குப் போட்ட நிலையான விலை அது. எங்கள் நாலறை வீட்டில் மாதம் சராசரியாக 340 யூனிட் ஓடும், ஆக பில் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். எஸ்பிக்கு மாறியதும் அந்தக் காலாண்டின் கட்டணம் வரிக்கு முன் 24.11 காசு, அப்போதைய 7 விழுக்காடு வரியோடு 25.8. அதே 340 யூனிட்டுக்கு 88 வெள்ளி. அடுத்த ஆண்டு ஜூலையில் கட்டணம் 30.17 காசுக்குப் போனது, பில் கிட்டத்தட்ட 110. வீட்டில் ஒரு விளக்கு கூட அதிகமாக எரியவில்லை.

அதிலிருந்து எங்கள் புளோக்கில் யார் மின்சார ஒப்பந்தம் போடுவதாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் நிபுணன் இல்லை, லிஃப்ட் பராமரிக்கிறவன். ஆனால் பட்ட அனுபவம் இருக்கிறது. சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் எப்படி வாங்குவது என்று அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2003 ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் மின்சாரத்துக்கு மொத்த விலைச் சந்தை நடக்கிறது. அரை மணி நேரத்துக்கு ஒரு விலை, ஒரு நாளைக்கு 48 விலை. மின்நிலையங்கள் "இவ்வளவு தருகிறேன், இந்த விலைக்கு" என்று விலை சொல்லும். மலிவானதில் தொடங்கித் தேவை நிறையும்வரை எடுப்பார்கள். கடைசியாக எடுத்த மின்சாரத்தின் விலையை ஒட்டியே அந்த அரைமணியின் விலை அமையும். கையிருப்பு தாராளமாக இருந்தால் விலை சாதுவாக இருக்கும். ஒரு மின்நிலையம் பழுதானாலோ, எரிவாயு வரத்து குறைந்தாலோ அப்படியே எகிறும். ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 4,500 வெள்ளி என்பது உச்சவரம்பு. நம் கணக்கில் சொன்னால் யூனிட்டுக்கு நாலரை வெள்ளி.

இங்கே மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. வாயு குழாய் வழியாக மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது, மீதி கப்பலில் திரவமாக வருகிறது. 2021இல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் வாயு குறைந்தது. தென் சுமத்ராவிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் இறங்கியது. அதே நேரம் பார்த்து உலகச் சந்தையில் திரவ வாயு விலையும் ஏறியது, இங்கே தேவையும் கூடியது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததில் அரைமணி விலை சில வேளைகளில் மெகாவாட் மணிக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது, அதாவது யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல். ஒரு வெள்ளிக்கு வாங்கி 18 காசுக்கு விற்பவர் எத்தனை நாள் கடை நடத்த முடியும்? அந்த மாதம் ஒன்றல்ல, பல சில்லறை நிறுவனங்கள் கிளம்பிவிட்டன.

ஆக, சந்தை ஆடும். அதை நிறுத்த நம்மால் ஆகாது. ஒப்பந்தம் போடும்போது நாம் முடிவு செய்வதெல்லாம் அந்த ஆட்டத்தை யார் தாங்குவது என்பதைத்தான்.

இப்போது நீங்கள் எதில் இருக்கிறீர்கள்?

பில்லை எடுங்கள். "எங்களுக்கு எஸ்பிதான்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பார்த்தால் 2019இல் யாரோ கூட்டாளி சொல்லி வேறு நிறுவனத்தில் போட்டிருப்பார்கள், பில் மட்டும் எஸ்பி பில்லோடு சேர்ந்து வரும். வீடுகள் தாங்களே நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து மின்சாரம் வாங்கும் வெளிச்சந்தை 2018இல் ஜூரோங்கில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் போட்டு மறந்தவர்கள் நிறைய. வீடுகளுக்குப் பெரும்பாலும் நான்கு வழி உண்டு.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் எஸ்பியின் ஒழுங்குமுறைக் கட்டணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் மாறும். இதில் எரிபொருள் பங்கைக் கணக்கிட முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலைச் சராசரியை எடுப்பார்கள். அதனால் உலகில் இன்று விலை ஏறினால் உங்கள் பில்லுக்கு அது சில மாதம் கழித்து, சற்றே தணிந்து வந்து சேரும். இறங்கும்போதும் அப்படித்தான், தாமதமாகவே இறங்கும். "பேப்பர்ல கேஸ் விலை இறங்கிட்டுன்னு போட்டிருக்கான், பில் ஏன் இறங்கல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மின்கம்பிவடச் செலவும் நிர்வாகக் கட்டணமும் இந்தக் காசுக்குள்ளேயே அடங்கும். எரிவாயு இலவசமாகவே கிடைத்தாலும் பில் பூஜ்யம் ஆகாது.

இரண்டாவது நிலையான விலை. ஒப்பந்தம் முடியும்வரை ஒரே காசு. ஆட்டம் முழுவதும் நிறுவனத்தின் தலையில்.

மூன்றாவது தள்ளுபடித் திட்டம். எஸ்பி கட்டணத்திலிருந்து இத்தனை விழுக்காடு கழிவு. இதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2022 ஜூலையில் எதிர்வீட்டு அக்கா பில்லோடு வந்து நின்றார். "தம்பி, நான்தான் ரெண்டு வருசத்துக்கு காண்ட்ராக்ட் போட்டேனே, ஏன் ஏறுது? ஏமாத்துறானுங்களா?" யாரும் ஏமாற்றவில்லை. அவர் போட்டது 22 விழுக்காடு தள்ளுபடி. 2020 ஆகஸ்டில் எஸ்பி கட்டணம் 19.60 காசு, வரி சேர்த்துத் தள்ளுபடி போக அவருக்கு 16.4 காசு. அதே தள்ளுபடியில் 2022 ஜூலையில் 25.2 காசு. விழுக்காடு அசையவில்லை, அடியில் இருந்த கட்டணம் அசைந்துவிட்டது. பில்லின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டியதும், "அப்ப நான் பூட்டினது வெலைய இல்ல, தள்ளுபடிய மட்டும்தான்" என்றார். இதைவிடத் தெளிவாக நானே சொன்னதில்லை.

நான்காவது, எஸ்பி வழியாகவே அரைமணி மொத்த விலையில் வாங்குவது. இதற்கு அரைமணிக்கு ஒருமுறை பதிவாகும் நவீன மீட்டர் வேண்டும். சந்தை அமைதியாக இருக்கும் மாதங்களில் மிச்சம் பிடிக்கலாம், உண்மைதான். ஆனால் படுக்கையறை ஏர்கான் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். விலை உச்சவரம்பைத் தொட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கே நாலரை வெள்ளி. விலையைப் பார்த்து ஏர்கானை அணைக்க வீட்டில் ஆள் வேண்டும். 2023 ஜூலையிலிருந்து விலை தொடர்ந்து வெகுவாக ஏறினால் தற்காலிக வரம்பு ஒன்று குறுக்கே வரும் ஏற்பாட்டை எரிசக்திச் சந்தை ஆணையம் செய்திருக்கிறது, முன்னைப்போல் அவ்வளவு பயமில்லை. இருந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வயதானவரும் இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கணக்குப் போடும் முறை

கடைசி 12 மாத பில்லிலிருந்து யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வெள்ளியை எழுதாதீர்கள், அது குழப்பும். தண்ணீரும் எரிவாயுவும் குப்பைக் கட்டணமும் ஒரே பில்லில் இருப்பதால் மொத்தத் தொகையைப் பார்த்து மின்சாரத்தைத் திட்டுவது நம் வழக்கம். பழைய மீட்டர் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து ரீடிங் எடுப்பார். இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. அதனால் ஒரு மாதம் குறைவாகவும் அடுத்த மாதம் கூடவும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். புதிய மீட்டர் என்றால் எஸ்பி செயலியில் அரைமணிக் கணக்கே கிடைக்கும். என் வீட்டில் ராத்திரி பதினொன்றுக்கு மேல் கோடு மலைபோல் எழும்பி நின்றது. பையன் அறை ஏர்கான்.

அப்புறம் விலை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். செய்தியில் வரும் எஸ்பி கட்டணம் பெரும்பாலும் வரிக்கு முந்தியது, நிறுவனம் காட்டுவது வரி சேர்ந்தது. எஸ்பி கட்டணம் 28 காசு, நிறுவனம் சொல்வது 29 காசு என்றால் நிறுவனம் அதிகம்போலத் தோன்றும். இப்போதைய 9 விழுக்காடு வரியைச் சேர்க்க 28ஐ 1.09ஆல் பெருக்குங்கள், 30.52. இப்போது 29தான் மலிவு. மாதம் 340 யூனிட்டுக்கு 5 வெள்ளி சொச்சம் மிச்சம், வருடத்துக்கு 62 வெள்ளி. இந்த 62 வெள்ளிக்காக இரண்டு வருடம் கட்டுப்படலாமா என்பது உங்கள் முடிவு. ஓரறை வீட்டில் மாதம் 120 யூனிட் ஓட்டும் தாத்தாவுக்கு இதே கணக்கு வருடம் 22 வெள்ளிதான் தரும். அவரை விட்டுவிடலாம்.

விலைகளை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒப்பீட்டு இணையத்தளத்தில் வரிசையாகப் பார்க்கலாம். கடைத்தொகுதியில் மேசை போட்டு நிற்கும் பிள்ளைகளிடம் முதலில் போகாதீர்கள். வீட்டில் பார்த்துவிட்டு, பிறகு பரிசுப்பையை வாங்கப் போங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒப்பந்தத்துக்கு முன் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தருவது நிறுவனத்தின் கடமை. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். இடையில் முறித்தால் எவ்வளவு? வீடு மாறினால் ஒப்பந்தம் கூட வருமா, இல்லை முறித்த கணக்கா? புது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சாவிக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். வைப்புத்தொகை உண்டா? ஒப்பந்தம் முடிந்ததும் தானாகப் புதுப்பிப்பார்களா? எந்த விலையில்? பில் எஸ்பி பில்லோடு வருமா, தனியாகவா? அரசாங்கம் பில்லுக்குத் தரும் யு-சேவ் கழிவு எஸ்பி கணக்கில்தான் விழும். அதை எதிர்பார்த்துக் குடும்பச் செலவு திட்டமிடுகிறவர்கள் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு கேள்வி, 2021க்கு முன் எனக்குக் கேட்கத் தோன்றாதது. உங்களுக்குச் சொந்தமாக மின்நிலையம் இருக்கிறதா? துவாசிலோ ஜூரோங் தீவிலோ சொந்த மின்நிலையம் உள்ள குழுமத்தின் கடை என்றால், சந்தை விலை எகிறும்போது கடை வாங்கும் விலை ஏறினாலும் மின்நிலையம் விற்கும் விலையும் ஏறும், தாங்கிக்கொள்ள வழி உண்டு. மின்நிலையம் இல்லாமல் சந்தையில் வாங்கி விற்பவர் முன்கூட்டியே விலையை ஒப்பந்தம் செய்து வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. எல்லாரையும்விட ஒரு காசு குறைவாகக் கொடுப்பவரைப் பார்த்தால் எனக்கு இப்போது அந்த மெயில்தான் ஞாபகம் வருகிறது. அக்காவின் நிறுவனம் கடைசிவரை நின்றது. என்னுடையது என்னிடம் அரைக் காசு குறைவாகச் சொல்லித்தான் என்னைப் பிடித்தது.

அப்படியே நிறுவனம் விலகினாலும் பதற வேண்டாம். கணக்கு தானாக எஸ்பிக்குப் போகும், விளக்கு ஒரு நொடி கூட அணையாது, ஏனென்றால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் வருவது அதே கம்பிவடத்தில்தான். அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வைப்புத்தொகை கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். கோபத்தில் அந்த வாரமே வேறொரு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், விலை உச்சத்தில் இருக்கும் சமயம் அது. நான் ஆறு மாத ஒப்பந்தத்தைக் கூடத் தொடவில்லை, 30.17ஐயும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். கட்டணம் இறங்கத் தொடங்கிய பிறகு, நிலையான விலை எஸ்பியைவிடத் தெளிவாகக் கீழே வந்ததும்தான் ஓர் ஆண்டுக்குப் போட்டேன். இப்போதும் ஓர் ஆண்டு, ஓர் ஆண்டாகத்தான்.

இந்த முறை ஒப்பந்தம் முடியும் தேதியை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் மனைவி. அதற்கு ஆறு வாரம் முன்னால் ஒரு தேதி, சிவப்பு மையில், "பழைய பில்லை எடு" என்று.