தாஹோ போகும் முன்: செயினா, கேபிளா, விண்டர் டயரா?

முதல் தடவை கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) பனி விழும் மலை ஏரியான லேக் தாஹோவுக்குப் போனபோது டயரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஐ-80 நெடுஞ்சாலையில் மலை ஏறத் தொடங்கியதும் "செயின் கட்டாயம்" என்ற பலகை வந்தது. வழியில் ஒரு கடையில் கிடைத்த செயினை வாங்கி, சாலையோரம் மண்டியிட்டு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். மனைவி உள்ளே ஹீட்டரோடு, நான் வெளியே நனைந்த கையுறையோடு. கடைசியில் பார்த்தால், அது என் டயருக்கான அளவே இல்லை. வந்த வழியே இறங்கிவிட்டோம்.

பனியில் வழுக்காமல் இருக்க டயரின் மேல் சுற்றும் இரும்புச் செயின், அதற்குப் பதிலாகச் சுற்றும் மெல்லிய எஃகுக் கேபிள், குளிருக்கென்றே செய்த விண்டர் டயர் என்ற மூன்றில் எது சிறந்தது என்று நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருடத்தில் எத்தனை நாள் பனியில் ஓட்டுவீர்கள்? பனியைப் பார்க்கப் போகிறவருக்கும் பனியிலேயே குடியிருப்பவருக்கும் தேவை வேறு.

படி 1: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

215/55ஆர்17 என்பது போல ஒரு எண் இருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 55 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் சதவீதம், 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். செயின் பெட்டியில் பொருந்தும் அளவுகளின் பட்டியல் இருக்கும். உங்கள் எண் அதில் அப்படியே இருக்க வேண்டும். கிட்டத்தட்ட என்பதெல்லாம் இங்கே கிடையாது.

பக்கத்திலேயே "எம்+எஸ்" என்ற எழுத்துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் இருக்கும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் அமைப்பை வைத்துக் கொடுக்கும் முத்திரைதான். பனியில் ஓட்டிச் சோதித்ததாக அர்த்தம் இல்லை. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால், அந்த டயர் பனிப் பிடிமானச் சோதனையில் தேறியது.

படி 2: காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. சில கார்களில் டயருக்கும் உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன், பிரேக் குழாய்களுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. தடித்த செயின் அங்கே உரசினால் பிரேக் குழாயே அறுந்துபோகலாம். கையேட்டில் "கிளாஸ் எஸ்" என்று போட்டிருந்தால், இடம் குறைந்த கார்களுக்கென்றே செய்த மெல்லிய சாதனம்தான் வாங்க வேண்டும். செயினே கூடாது என்று சொல்லும் கார்களும் உண்டு. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தையும் படியுங்கள்; செயின் மாட்டக் கூடாது என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

படி 3: ஆர்-1, ஆர்-2, ஆர்-3

கலிஃபோர்னியாவின் சாலைத் துறையான கால்ட்ரான்ஸ் செயின் கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் மூன்று நிலைகள் இவை. ஆர்-1 என்றால் எல்லாருக்கும் செயின். ஆனால் 6,000 பவுண்டுக்குக் கீழான காரில், இழுக்கும் (இஞ்சின் சுழற்றும்) சக்கரங்களிலாவது ஸ்னோ டயர் இருந்தால் மாட்டாமல் போகலாம். ஆர்-2 வந்துவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதுவும் நான்கிலும் ஸ்னோ டயர் உள்ளது மட்டுமே தப்பும். ஆர்-3இல் யாருக்கும் விலக்கு இல்லை. அந்த நிலை அபூர்வம். அதற்கு முன் சாலையையே பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.

இந்த விதியில் எம்+எஸ் டயரும் ஸ்னோ டயர்தான், ஆனால் பள்ளம் 6/32 அங்குலமாவது இருக்க வேண்டும். ஒரு சென்ட் காசில் லிங்கன் நினைவு மண்டபத்தைத் தலைகீழாக்கிப் பள்ளத்தில் நுழைத்துப் பாருங்கள். மண்டபத்தின் உச்சி மறைந்தால் போதும். (2008 வரை வந்த காசாகப் பார்த்து எடுங்கள், புதிய காசுகளில் மண்டபம் இல்லை.)

மாட்டத் தேவையில்லாத வண்டியும் செயினை உள்ளே வைத்திருக்க வேண்டும். "என்னுடையது ஆல் வீல் டிரைவ்" என்று வெறும் கையோடு போனவர்களைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

படி 4: இப்போது தேர்ந்தெடுக்கலாம்

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தாஹோ, முன்சக்கரம் இழுக்கும் செடான் என்றால் என் ஓட்டு கேபிளுக்கு. இலேசானது, மாட்ட எளிது, குறுகிய இடைவெளியிலும் நுழையும், விலையும் குறைவு. ஆழமான பனியிலும் கெட்டி ஐஸிலும் செயின் அளவுக்குக் கடிக்காது, சீக்கிரம் தேயும். அவ்வளவு பனி கொட்டும் நாளில் வீட்டிலேயே இருங்கள்.

இரும்புச் செயின் யாருக்கு? கையேடு அனுமதிக்கும் டிரக், பெரிய எஸ்யூவி, செங்குத்தான கிளைச்சாலையில் கேபின் (மலை வீடு) வாடகைக்கு எடுப்பவர்கள். கனம், சத்தம், அதிர்வு எல்லாம் உண்டு. பிடிப்பில் மற்ற இரண்டும் இதன் அருகே வராது.

விண்டர் டயர் கதை வேறு. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் மிருதுவாக இருக்கும்படி செய்தது விண்டர் டயர். தரையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் உள்ள நுண்கீறல்கள் பனியைக் கவ்வும். இதன் உண்மையான லாபம் பிரேக்கில் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கிளம்பத்தான் உதவும். நிற்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு டயரை விட்டால் ஆள் இல்லை. தாஹோ அருகே உள்ள ட்ரக்கி போன்ற மலை ஊரில் குடியிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், நான்காகவே வாங்குங்கள். முன்னால் மட்டும் மாட்டினால் வளைவில் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். சான் ஹோசேயில் இருந்துகொண்டு வாங்குவது வீண்செலவு. இங்குள்ள வெயிலில் மளமளவென்று தேய்ந்துவிடும். வாங்கினாலும் செயின் கூடவே இருக்க வேண்டும்.

படி 5: வீட்டு வாசலில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள்

முறுக்கில்லாமல் தரையில் விரியுங்கள். இழுக்கும் சக்கரத்தின் மேல் போர்த்துங்கள்: முன்சக்கரம் இழுத்தால் முன்னால், பின்சக்கரம் இழுத்தால் பின்னால், ஆல் வீல் டிரைவ் என்றால் கையேடு சொல்லும் இடத்தில். முதலில் உட்புறக் கொக்கி, அப்புறம் வெளிப்புறம். காரைச் சிறிது நகர்த்தி மிச்சத்தையும் இழுத்து மாட்டுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நிறுத்தி மறுபடி இறுக்குவது கட்டாயம். தளர்ந்த நுனி சக்கரத்தோடு சுழன்று ஃபெண்டரை அடித்து நொறுக்கும்.

மலையில் மாட்டும்போது அதற்கென ஒதுக்கிய இடத்தில் முழுதாக ஒதுங்குங்கள். டிக்கியில் நீர் புகாத கையுறை, தலை விளக்கு, மண்டியிட ஒரு பழைய பாய் இருக்கட்டும். சில இடங்களில் எண் போட்ட மேலங்கியோடு செயின் மாட்டுபவர்கள் நிற்பார்கள். காசு வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார்கள். செயினை அவர்கள் விற்கக் கூடாது. அதனால் கீழேயே வாங்கிவிடுங்கள். பிரிக்காத பெட்டியை சீசன் முடிவில் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

படி 6: ஓட்டுவதும் கழற்றுவதும்

செயின் போட்டால் மணிக்கு 25 அல்லது 30 மைல்தான். கட்டுப்பாடு முடியும் பலகையைக் கண்டதும் ஒதுங்கிக் கழற்றுங்கள். வெறும் தாரில் ஓட்டினால் செயினும் போகும், டயரும் போகும். வீடு வந்ததும் சாலை உப்பைக் கழுவிக் காயவையுங்கள். நான் ஒரு வருடம் ஈரத்தோடு பையில் திணித்துவிட்டேன். அடுத்த டிசம்பரில் திறந்தபோது கொக்கிகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.