போலீஸ் வெரிஃபிகேஷன் படிவத்தில் ‘இல்லை’ எழுதும் முன்

காவலர் தேர்வுப் பட்டியல் வெளியானால், அடுத்த சில மாதங்களில் வக்கீலான என் மேசைக்கு என்ன மாதிரி கோப்பு வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு எல்லாம் தேறியவர், கையில் தேர்வு ரத்து உத்தரவோடு நிற்பார். காரணம், வெரிஃபிகேஷன் படிவத்தில் எழுதியது. இனிஷியல் மாறியது, தேதி தப்பியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை திருத்தக்கூடியவை.

‘அதான் கேஸ் முடிஞ்சிடுச்சே!’

தென்மாவட்டத் தம்பி ஒருவர். கோயில் கொடை விழாவில் கைகலப்பு. அடித்தவன், விலக்கிவிட்டவன் என்று பார்க்காமல் ஊரில் பாதிப் பேர் மேல் எஃப்ஐஆர்; கைதாகி ஜாமீனில் வந்தார். பிறகு இரு தரப்பும் ராஜியாகி, சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்து, எல்லோரும் விடுதலை. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு இவர் எழுதியது ‘இல்லை’. எழுதச் சொன்னவர் பக்கத்து வீட்டு அண்ணன், அரசு ஊழியர் வேறு. “முடிஞ்ச கேஸை எதுக்குடா கிளறுற?”

வழக்கு நிலுவையில் உள்ளதா என்பது தனிக் கேள்வி. அதற்கு ‘இல்லை’ சரிதான். இரண்டையும் ஒரே மூச்சில் படித்து ஒரே பதிலை எழுதிவிடுகிறார்கள். விசாரிக்க வருகிற ஏட்டு நிலையப் பதிவேட்டைப் புரட்டினால், குற்ற எண்ணோடு பெயர் நிற்கும்.

ரத்து உத்தரவில் இரண்டு காரணம்: வழக்கில் சம்பந்தம், அதை மறைத்தது. முதலாவதை எதிர்த்து வாதாட எனக்குக் கொஞ்சமாவது சரக்கு இருந்தது. இரண்டாவது அவர் கையெழுத்திலேயே இருந்தது. அறிவுரை சொன்ன அண்ணனுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது.

அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. அது அவர் முடிவு. நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது. உண்மையைச் சொன்னாலும் முன்வரலாற்றைப் பரிசீலிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் படிவம் குறிப்பாகக் கேட்காத விவரத்தை மறைத்ததாகச் சொல்ல முடியாது என்பதும் அதே தீர்ப்புதான். அதனால்தான் ஜெராக்ஸ் எடுக்காமல் படிவத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். யாரும் கேட்பதில்லை.

எல்லா விடுதலையும் ஒன்று என நினைப்பது

தமிழ்நாடு காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 2008-இல் இதை ஏற்றது. ஆகவே ‘ராஜி பேசிடலாம்’ என்று வக்கீல் சொல்லும்போதே, காவல் வேலைக்குப் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

படிவம் கொடுத்த பிறகு வந்த வழக்கு

உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில் இது அச்சிட்டே இருக்கிறது. ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்டேஷனில் சிபாரிசுக்கு ஆள் பிடிப்பது

வேண்டாம்.

18 வயதுக்கு முன் நடந்தது

2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 24: தகுதியிழப்பு வராது. 16 தாண்டி, பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு.

பெயர் இருப்பதே தெரியாமல் இருப்பது

போராட்டத்தில் பிடித்து, கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, சாயங்காலம் விட்டதை மறந்தவர்கள் நிறையப் பேர். நிலையத்தில் கேளுங்கள், நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்திலும் தேடுங்கள். அதில் உங்கள் பெயரை எப்படி வேண்டுமானாலும் தட்டியிருப்பார்கள், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.