போர்த் தண்ணி ஊரில் பவளத் தொட்டி: எந்த ஃபில்டரை வாங்குவது, எதை விடுவது

கோவை, திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். நல்ல தண்ணிக்கு ஒன்று, போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணிக்கு ஒன்று. கடல்மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்படியும் உப்புப் போடத்தானே போறோம், போர்த் தண்ணியவே ஊத்திக்கலாமுங்களா?" என்பதுதான். வேண்டாமுங்க. போர்த் தண்ணியின் உப்பு வேறு, கடலுப்பு வேறு. கால்சியமும் மெக்னீசியமும் அதில் தாறுமாறான அளவில் இருக்கும். கூடவே நைட்ரேட்டும் சிலிக்காவும் வரும். அதில் கடலுப்பைக் கரைத்தால் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பாசி அப்பிக்கொள்ளும். ஆகவே முதல் ஃபில்டர் தொட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும்: மெம்ப்ரேன் வழியே தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ, அதன் பின்னால் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ ரெசின்.

குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ மெஷின் இதற்கு ஆகாது. சுவைக்காக அது கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்து 50, 100 டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளவில்தான் விடும். நமக்கு மீட்டரில் 0 காட்ட வேண்டும். போர்த் தண்ணீரின் டி.டி.எஸ் 1000 இருந்தால், நல்ல மெம்ப்ரேன்கூட 30 முதல் 50 வரை மிச்சம் வைக்கும்; அதைச் சுமந்து ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகும். சிறுவாணியோ பில்லூரோ, அணைக் குடிநீர் வருகிற வீடு என்றால் அந்தக் குழாயிலேயே இணையுங்கள். குளோரின் மெம்ப்ரேனை அரித்துவிடும் என்பதால் முன்னால் கார்பன் பிளாக் கட்டாயம்.

இனி தொட்டி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாறை போக உள்ளே நிற்பது சுமார் 150 லிட்டர். கீழே 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரத்தில் ஒரு சம்ப்; மேல்தொட்டியில் வழிகிற தண்ணீர் இதில் இறங்கி, பம்ப் வழியே திரும்ப ஏறும். (வீட்டு வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப் அல்ல, பெயர் ஒன்று, வேலை வேறு.) அதில் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் இன்னும் ஒரு 40 லிட்டர். ஆக மொத்தம் 190.

தங்கமீன் வளர்த்துப் பழகியவர்கள் உடனே மூடிய டப்பா மாதிரி இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரைத்தான் தேடுவார்கள். பவளத் தொட்டிக்கு அதை வாங்காதீர்கள். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அதற்குள்ளேயே ஊறிக் கிடந்து நைட்ரேட்டாகத் திரும்பி வரும். அதைவிட மோசம், கரண்ட் போகும்போது நடப்பது. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளிருக்கும் பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும்.

பாக்டீரியாவுக்கு வீடு பாறைதான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் வேலை பெரும்பாலும் அதன் நுண்துளைகளில் நடக்கிறது. நல்ல நுண்துளையுள்ள உலர்பாறை 15 கிலோ இந்தத் தொட்டிக்குப் போதும். அதைச் சுவர் மாதிரி பின்னால் அடுக்காமல், எல்லாப் பக்கமும் தண்ணீர் புகுந்து வரும்படி இடைவெளி விட்டு வையுங்கள். ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல் பாறை கொண்டுவந்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைப் பாறையும் செராமிக் பாறையும் இதே வேலையைச் செய்யும். நேரம்தான் கொஞ்சம் கூடும்.

பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் புரோட்டீன் ஸ்கிம்மர். பம்ப் காற்றை இழுத்துப் பால் போன்ற நுண்குமிழாக்கும். மீன் கழிவிலும் தீனியிலும் இருக்கும் புரதப் பொருள்கள் குமிழின் மேல் ஒட்டிக்கொண்டு கழுத்து வழியே ஏறிக் கோப்பையில் வடியும். கழிவு அழுகி நைட்ரேட்டாகும் முன்பே வெளியேறிவிடுகிறது என்பதுதான் இதன் பலம். பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பாதீர்கள். 190 லிட்டருக்கு, 300 முதல் 400 லிட்டருக்கானது என்று போட்டதை எடுங்கள்.

புது ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு நாள் பொங்கி வழியும், மறுநாள் நுரையே ஏறாது. அந்த நாட்களில் வால்வைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். பழகியபின் நுரை கழுத்தின் அடியில் நின்று மெதுவாக உடைந்து ஏற வேண்டும். கோப்பையில் சேர்வது லேசான டீ நிறத்தில் இருந்தால் தண்ணீரை அதிகமாகத் தள்ளுகிறது. காபி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து நாறினால் சரியாக ஓடுகிறது. மூன்று நாளுக்கொரு முறை கழுத்தின் உள்பக்கப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும். அது படிந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் வாயில் உப்புக் கட்டினாலும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும். ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கொசு மருந்து, பூச்சி ஸ்பிரே எதுவும் அந்த அறையில் கூடாது. பைரித்ராய்டு வகை மருந்துகளை இறாலும் நண்டும் தாங்காது.

சம்ப் வைப்பவர்கள் அதிகமாகத் தவறுவது தண்ணீர் திரும்பும் கணக்கில். கரண்ட் போனதும், மேலே ஏற்றும் குழாய் சைஃபன் ஆகித் தண்ணீரைக் கீழே இழுக்கும். குழாய் வாய் தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 91 × 45 × 10, அதாவது 41 லிட்டர் இறங்கும். சம்ப்பில் காலி இடமோ சுமார் 31 லிட்டர்தான். மிச்சம் 10 லிட்டர் உப்புத் தண்ணீர் ஹாலில். வாயை 2 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 8 லிட்டர், அதோடு ஓவர்ஃப்ளோ பெட்டியில் இருப்பது. சைஃபனை நிறுத்தக் குழாயில் போடும் ஓட்டையை மட்டும் நம்ப வேண்டாம், பாசி அடைத்துவிடும். எல்லாம் பொருத்தியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சம்ப்பில் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். திரும்ப ஓடவிட்டு, ஓடும் மட்டத்துக்கு இன்னொரு கோடு. அந்தக் கீழ்க்கோட்டுக்கு மேல் எப்போதும் ஊற்றக் கூடாது.

ரிட்டர்ன் பம்ப் மணிக்கு ஏறக்குறைய 1000 லிட்டர் மேலே கொண்டுவந்தால் போதும். உயரமும் வளைவும் தின்பது போக அந்த அளவு கிடைக்க 2000 லிட்டர் பம்ப் வாங்க வேண்டியிருக்கும். தொட்டிக்குள் அலைக்குத் தனியாக, மணிக்கு 2500 முதல் 3000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் என்கிற சிறு பம்ப் ஒன்று. இன்வெர்ட்டரில் இந்த பவர்ஹெட்டை மட்டுமாவது இணையுங்கள். ஈரோடு, கரூர் வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கரண்ட் இல்லாத பகலில் மீன் மூச்சுத் திணறித்தான் சாகிறது. சம்ப் மேல் ஒரு ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும்; ஆகவே குறைந்ததை ஆர்.ஓ டி.ஐ தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும்.

மற்றவை சில்லறை. தூசியை வடிக்கும் 200 மைக்ரான் சாக் ஃபில்டரை (துணிப்பை) மூன்று நான்கு நாளுக்கொரு முறை மாற்றுங்கள். முடியாதென்றால் போடவே வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் 150 மி.லி. வலைப்பையில், மாதம் ஒரு முறை புதிது. பாஸ்பேட் நீக்கி, பாஸ்பேட் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டினால் மட்டும், அதுவும் பாதி அளவில். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சுத்தமாக 0 ஆனால் டைனோ என்கிற பழுப்பு வழுக்கல் வந்து உட்காரும். யு.வி. விளக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

உப்பு லிட்டருக்கு சுமார் 37 கிராம், அடர்த்தி 1.025. மீன் விடும் முன் பாறையில் பாக்டீரியா பெருக வேண்டும்; அதற்குப் பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கொண்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். பாக்டீரியா விட்ட முதல் இரண்டு நாள் ஸ்கிம்மரை நிறுத்தி வைக்கலாம். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். திரும்ப 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டினால் பாறை தயார். அன்று பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு ஜோடி கிளவுன் மீன் மட்டும் விடுங்கள். அடுத்த மீன் ஒரு மாதம் கழித்து. காளான் பவளம் மாதிரி மென்பவளங்கள் மூன்றாவது மாதத்துக்கு மேல்.