பஞ்சிங் பேக்கில் ஒரு துண்டு டேப்

குத்துச்சண்டையில் குத்தின் வேகமும் குறியும் மேம்பட ஒரு பயிற்சி: பஞ்சிங் பேக்கில் உங்கள் தாடை உயரத்தில் ஒன்று, விலா உயரத்தில் ஒன்று என நாணய அளவுக்கு டேப் ஒட்டுங்கள். 3 நிமிட ரவுண்டு முழுக்க அந்த இரண்டு இடங்களை மட்டும் பாதி பலத்தில் குத்துங்கள். பேக்கைத் தொடும் வரை முஷ்டி தளர்வாகவே இருக்கட்டும்; தொடும் நொடியில் இறுக்கி, உடனே தாடைக்கு இழுத்துவிடுங்கள்.

முஷ்டியை முன்கூட்டியே இறுக்கினால் முன்கையோடு பைசெப்ஸும் (மேல்கையின் முன்பக்கத் தசை) இறுகிவிடும். கையை நீட்டுவது மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸ். இறுகிய பைசெப்ஸ் அதை எதிர்த்து இழுக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுவது மாதிரி. வேகம் குறைய பலம் போதாதது மட்டுமல்ல, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டேப் இருந்தால் குறி தப்பியது அப்போதே தெரியும். தப்ப ஆரம்பித்தால் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

முழு பலத்தில் குத்தும் ரவுண்டுக்கு இது வேண்டாம். இறுக்கும் நேரம் தவறினால் மணிக்கட்டு மடங்கிவிடும். மணிக்கட்டை நேராக வைக்கப் பழகாதவர்கள் முதலில் அதைப் பழகட்டும். அப்புறம், நகரும் ஆளைக் குறிவைக்கும் டைமிங் இதில் வராது. அதற்கு மிட்ஸ் (பயிற்சியாளர் கையில் மாட்டி நகர்த்திக் காட்டும் மெத்தை) பயிற்சிதான் சரி. பாதி பலம்தானே என்று கைக்கட்டு (கையில் சுற்றும் துணிப்பட்டை), கிளவுஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.